முள் வைத்து அடைத்த பாதை

மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போன பெண்பிள்ளை பெங்களூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. காலை ஏழு மணி இருக்கும். ஓடையோரத்திலிருந்து அள்ளி வந்த காய்ந்த மண்ணை அந்தச் சல்லடையில் போட்டு, பாதையில் குந்தி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு மண் பவுடராக இறங்கியது. மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. சலித்த மண்ணை உள்ளங்கையால் நிரவி, ஒரு பாய் அகலத்துக்குச் சமமாகப் பரப்ப வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் அந்த வழியில் யார் போனார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று மண்ணில் பதிந்திருக்கும். முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி. அதிர்ஷ்டம் இருந்தால் சிறுத்தை.

"இன்னா மேடம், கேக்குக்கு மைதா சலிக்கிறாப்ல சலிக்கிறீங்க? கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கீதே" என்றார் முரளி.

முரளி பெங்களூர் ஆடுகோடிக்காரர். எங்கள் கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறவர். முதல் தடவை என்னைக் காட்டோரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவர், "சும்மா என்னான்னு பாத்துட்டுப் போறேன்" என்று கூடவே வந்து, அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை.

கொஞ்சம் தள்ளி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி நின்றிருந்தார் புட்டசாமி. அந்த மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர். எங்கள் குழுவுக்கு வழி காட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு என்னிடம் மொத்தம் இரண்டு வாக்கியம்தான் பேசினார்.

அந்த இரண்டு வாக்கியத்தைப் பற்றி எழுதுவதைத்தான் மூன்று வாரமாக ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன். "இந்தத் தொடர்ல இதுவரைக்கும் உன்னப் பத்தி நல்லதா மட்டும்தான் எழுதிக்கினு வர்ற" என்று என் தங்கை போனில் குத்திக் காட்டினாள். சரி, இந்த வாரம் அவளுக்குத் திருப்தியாக இருக்கும்.

வழி போடுகிற வேலை

எனக்குச் சோறு போடுவது வைட்ஃபீல்ட். அங்கே ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரை எந்த கேபில் ஏற்றுவது, எந்த ஷட்டில் எந்தத் தெரு வழியாக வருவது, ரோட்டைத் தோண்டிப் போட்டால் எந்தச் சந்தில் திருப்பிவிடுவது, இதுதான் என் பிழைப்பு. வாசலில் ஒரு தடுப்பை நாலடி நகர்த்தி வைத்தால் நூறு வண்டியும் நான் நினைத்த பக்கம் போகும். இதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள்.

அதே ஆபீஸில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்து, ஒருநாள் அதை உதறிவிட்டு வனவிலங்கு ஆராய்ச்சிக்குப் போன பெண் நந்தினி. என் மகள் வயது. பிள்ளைகள் வெளிநாடு போய், வீட்டுக்காரர் சர்ச் கமிட்டியே கதி என்று ஆகிவிட்ட பிறகு, ஜோகுபாளையத்து வீட்டில் நானும் டிவியும்தான் மிச்சம். "ஜெசி மேடம், ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க? வந்து சிறுத்தைங்களுக்கு ரூட் போடுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் போய்விட்டேன்.

வேலை என்னவென்றால், நகரத்துக்குத் தெற்கே உள்ள அந்த மலைகளில் எத்தனை சிறுத்தை இருக்கிறது என்று கேமரா வைத்து எண்ணுவது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் போகப் போகத் தெரியும். மழை முடிந்ததிலிருந்து கோடை தொடங்கும் வரை எங்களுக்கு சீசன். சீசனுக்கு முன்னால் நல்ல பாதையாகப் பார்த்துத் தயார் பண்ண வேண்டும். எச்சம் கிடக்கிறதா, பின்னங்காலால் தரையைச் சுரண்டியிருக்கிறதா, மரத்தில் நகம் கீறிய தடம் இருக்கிறதா என்று தேடி நடக்க வேண்டும். பாதை அமைந்துவிட்டால் எதிரெதிராக இரண்டு கேமரா கட்ட வேண்டும். சிறுத்தையின் உடம்பில் வலப்பக்கப் புள்ளிகள் வேறு, இடப்பக்கப் புள்ளிகள் வேறு. இரண்டு பக்கமும் படம் கிடைத்தால்தான் ஆளை அடையாளம் தெரியும்.

அந்தப் பகுதியில் நடமாடிய பெண் சிறுத்தைக்கு முரளி வைத்த பெயர் டீச்சர். ஒரு காது நுனி கிழிந்திருக்கும். சொல்லி வைத்த மாதிரி விடிகிற நேரத்துக்கு வரும். கேமராவைத் தாண்டும்போது ஒரு தடவை நிமிர்ந்து, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பது போல முறைத்துவிட்டுப் போகும். போன சீசனில் மட்டும் ஆறு தடவை முறைப்பு வாங்கினோம். அந்தப் படத்தை என் போனில் வால்பேப்பராக வைத்திருந்தேன். பேரப்பிள்ளை படம் வைக்கிற இடத்தில் சிறுத்தை வைத்திருக்கிறாளே என்று என் வீட்டுக்காரர் பங்குச் சாமியாரிடமே புகார் சொன்னார்.

சேவியர் மாமாவின் பன்றி

எங்கள் குடும்பத்தில் காட்டுப் பைத்தியம் எனக்கு முன்னால் ஒருவருக்கு இருந்தது. அத்தை புருஷன் சேவியர் மாமா. வேட்டைக்குத் தடை வருவதற்கு முந்தின காலம். நான் பிறக்கவில்லை, எல்லாம் கேட்ட கதை.

மாமாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். ஒரு வருஷம் கிறிஸ்மஸுக்குக் காட்டுப்பன்றிக் கறி போடுவேன் என்று சர்ச் வாசலில் நின்று சபதம் செய்துவிட்டார். "வேட்டைங்கிறது சுடுறதுல இல்ல, பாதையத் தயார் பண்றதுல இருக்கு" என்று சொல்லிக்கொண்டு மூன்று ஞாயிறு பூசைக்கு வராமல் காடு சுற்றினார். பன்றி வரும் தடத்தைக் கண்டுபிடித்தேன் என்பார். கிளைப்பாதையை முள் போட்டு அடைத்தேன் என்பார். உப்பு வைத்தேன், பரண் கட்டினேன் என்பார். பூசை தவறியதற்குச் சாமியார் திட்டினார், மாமா அசரவில்லை.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் மாலை இலையில் சுற்றிய கறியோடு வீட்டுக்கு வந்தார். தெருவே கூடியது. அத்தை கறியை அலசும்போது தோலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஊதா மையில் மார்க்கெட் முத்திரை.

"ஏங்க, இந்தப் பன்னி காட்ல இருந்து மார்க்கெட்டுக்குப் போயி சீல் வச்சிக்கினா வந்துது?" என்று அத்தை கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் சுற்றுகிறது. யாராவது கதை அளந்தால் "சீல் இருக்குதா பாரு" என்போம்.

துப்பாக்கியோடு போன சேவியர் மாமா ஒரு முயலைக்கூடக் கொன்றதில்லை. கேமராவோடு போன நான் கொன்றேன். அதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

என் கன்னடம்

இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது.

எனக்குப் பதினாறு வயது இருக்கும். தமிழ் பேசினால் அடி விழும் என்று ஊர் பதற்றமாக இருந்த ஒரு வாரம். அப்பாவும் நானும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஏறுவதற்கு முன்பே அப்பா என் காதில், "வாயத் தொறக்காத" என்றார். அப்பாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழ் வாடையும் இழுவையும் காட்டிக்கொடுத்துவிடும். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோது அப்பா ஊமை போல இரண்டு விரலை மட்டும் நீட்டினார். நான் முந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பழகிய சுத்தமான கன்னடத்தில் டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் என்னை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

அப்பா பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது. அன்றைக்கு எங்களை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவே மாட்டார்களோ என்னவோ. என் கன்னடம்தான் இரண்டு பேரையும் பத்திரமாக வீடு சேர்த்தது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அதிலிருந்து கன்னடம் என்றால் எனக்கு உயிர் இல்லை, கௌரவம். யாராவது "நீங்க மைசூரா?" என்று கேட்டுவிட்டால் மூன்று நாளைக்குச் சோறே வேண்டாம். யாராவது என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினால் அன்று முழுக்க எரிச்சல். கன்னடக்காரர் யாரிடமும் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதே கிடையாது. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

முரளி அப்படி இல்லை. அவர் கன்னடத்தையும் தமிழையும் உருதுவையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார், புரியாவிட்டால் "அப்டீன்னா?" என்று கேட்டுவிடுவார். அதைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

சல்லடை பிடித்த காலைக்கு வருகிறேன்.

அன்றைக்கு நந்தினிக்குக் காய்ச்சல். "நீங்களே பாத்து செட் பண்ணிடுங்க மேடம், உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்று அனுப்பியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக என் பொறுப்பில் ஒரு பாதை.

பாதை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே போவது திறந்த பாறை. டீச்சரின் பழைய தடம் எல்லாம் அதில்தான். ஆனால் கேமரா கட்ட மரம் இல்லை, விடியற்காலை வெயில் நேராக லென்ஸில் அடித்துப் படம் வெளுத்துவிடும். கீழே போவது இரண்டு பெரிய குண்டுப் பாறைகளுக்கு நடுவே நுழைகிற சந்து. இரண்டு பக்கமும் கேமரா கட்ட வாகான மரங்கள். உண்ணிச்செடி மட்டும் மண்டிக் கிடந்தது.

டிரான்ஸ்போர்ட் டெஸ்க் மூளை என்ன சொல்லும்? டைவர்ஷன் போடு என்றது.

முரளியை அனுப்பி இலந்தை முள் வெட்டிவரச் சொன்னேன். அவர் வெட்டப் போன நேரத்தில் அரிவாளால் கீழ்ப்பாதையின் உண்ணிச்செடியை நானே கழித்தேன். வெட்டுப்பட்ட இலையின் காரவாசம் கையெல்லாம் ஏறியது. பாறைச் சந்து வரைக்கும் கழித்துவிட்டு நிமிர்ந்தபோது புட்டசாமி பக்கத்தில் வந்து நின்றார். சந்துக்கு அந்தப் பக்கம், சரிவாக இறங்கிய புதரைக் கம்பால் காட்டினார்.

"அல்லி உருளு இதெ அம்மா. ஹுஷாரு."

அங்கே உருளு இருக்கிறது, உஷார். உருளு என்றால் எனக்குத் தெரியாதா? தமிழிலும் உருள்வதுதான், கன்னடத்திலும் உருள்வதுதான். எங்கள் தெருவில் கன்னடக்கார அம்மா ஒருவர் வருஷா வருஷம் கோயிலில் உருளு சேவை செய்வார், நம் அங்கப்பிரதட்சணம்தான் அது. சரிவைப் பார்த்தேன். கல்லும் சரளையுமாக இருந்தது. கல் உருளும், கால் வழுக்கும், ஜாக்கிரதை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"கொத்து, கொத்து" என்றேன். தெரியும், தெரியும்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "நோட்கொள்தீரா?" என்று கேட்டார். பார்த்துக்கொள்வீர்களா?

"நோட்கொள்தீவி" என்றேன். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என் கன்னடத்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்தேன்.

புட்டசாமி ஓடைப் பக்கம் போயிருந்த நேரத்தில் முரளி முள்ளோடு வந்ததும், "அந்தப் பக்கம் எறங்காதீங்க, கல்லு உருளுமாம்" என்று தடுத்தேன். அதனால் அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. பத்து அடி போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். மேல்பாதையை இலந்தை முள்ளால் இடுப்பு உயரத்துக்கு அடைத்தோம். கீழ்ப்பாதையில் சலித்த மண்ணைப் பரப்பி, சந்துக்கு இப்புறம் கேமரா இரண்டையும் முழங்கால் உயரத்தில் கட்டினோம். பாதை பிரிகிற இடத்தில் மிச்சமிருந்த பழைய கேமரா ஒன்றையும் கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. போட்டோ எடுத்து நந்தினிக்கு அனுப்பினேன். "சூப்பர் மேடம்" என்று பதில் போட்டாள்.

பச்சைத் துணி

வியாழக்கிழமை. வைட்ஃபீல்டில் எங்கள் வாசலுக்கு முன்னால் தண்ணீர்க்குழாய் உடைந்து, நாற்பது ஷட்டிலைப் பின்கேட் வழியாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். நந்தினி கூப்பிட்டாள். "மேடம், டீச்சர்..." என்றாள். அப்புறம் லொகேஷன் மட்டும் அனுப்பினாள்.

நானும் முரளியும் போய்ச் சேர்ந்தபோது பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். காது மட்டும் வெளியே தெரிந்தது, கிழிந்த காது. சந்துக்கு அந்தப் பக்கம், அந்தச் சரிவில். சுற்றி இருந்த புதரெல்லாம் வேரோடு பிய்ந்து கிடந்தது. எவ்வளவு நேரம் போராடியிருக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. முரளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

இடுப்பில் இறுகியிருந்தது பைக் கிளட்ச் ஒயர். பயிரில் விழுகிற காட்டுப்பன்றிக்காக யாரோ வைத்தது. யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

வனத்துறை அதிகாரி ஒருவர் புதரைக் காலால் விலக்கிக்கொண்டே போனார். "இல்லி இன்னொந்து உருளு, அல்லி நோடி இன்னொந்து" என்று விரல் விட்டு எண்ணினார். மூன்று இருந்தது.

இங்கே இன்னொரு உருளு. உருளு. அவர் காட்டியது கல்லை இல்லை, ஒயர் வளையத்தை. கன்னடத்தில் உருளு என்றால் சுருக்குக் கண்ணி. உருள்வது என்று மட்டும் இல்லை. அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை.

கண்ணி இருக்கிறது, ஜாக்கிரதை என்று ஒரு மனிதர் சொன்னார். தெரியும் என்றேன். பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அதே ஊரில் குடியிருந்துகொண்டு அவர் தன் கையால் அதை எடுத்தால் அக்கம்பக்கம் சும்மா விடாது. அதனால்தான் எங்களிடம் சொன்னார். நான் போய் சரியாக அந்தப் பாதையைப் பெருக்கித் துடைத்து, மண் சலித்துப் போட்டு, மற்ற பாதையை முள்ளால் அடைத்துவைத்தேன்.

ஹேளிதெ

அதிகாரி எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்டார். கூட்டத்தில் பாதிக் கிராமம் இருந்தது. இங்கே கண்ணி வைக்கிற வழக்கம் உண்டென்று வழிகாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா, ஏன் சொல்லவில்லை என்று புட்டசாமியைப் பார்த்துக் கேட்டார்.

"ஹேளிதெ" என்றார் புட்டசாமி. சொன்னேன். என்னைப் பார்த்தார்.

நந்தினி என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா மேடம்?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். போலீஸ், கேஸ் என்றெல்லாம் பயப்படவில்லை. உருளு என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று இத்தனை கன்னடக்காரர்களுக்கு முன்னால், அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால், சொல்ல வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

"ஏதோ சொன்னாரு. எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன். அதையும் கன்னடத்தில்தான் சொன்னேன், ஒரு தப்பு இல்லாமல்.

புட்டசாமி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவரை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு நாலு நாள் நடந்தார். எங்கள் குழு அவரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. கண்ணி வைத்தவனோடு இவருக்கும் பங்கு என்று ஊரில் ஒரு கூட்டம் பேசியது. காட்டிக்கொடுக்கப் பார்த்தான் என்று இன்னொரு கூட்டம் பேசியது. இரண்டு பக்கமும் அடி.

திரும்பி வரும்போது கேபில் முரளி ரேடியோவை அணைத்தார். பிறகு, "மேடம், ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு கல்லு உருளும்னு சொன்னீங்களே, அது..."

"ஒண்ணும் கேக்காதீங்க முரளி."

அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவும் இல்லை. காய்ச்சல் என்று மெசேஜ் போட்டார்.

பழைய கேமரா

பதினோரு நாள் அப்படியே இருந்தேன். ஆபீஸ் போனேன், வந்தேன். சர்ச்சுக்குப் போனேன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் இருந்த வரிசையில் நின்று, என் முறை வந்ததும் திரும்பிவிட்டேன். சாமியாரிடம் சொல்வதைவிட நந்தினியிடம் சொல்வது கஷ்டம், அதைச் செய்யாமல் இதைச் செய்தால் ஏமாற்று என்று தோன்றியது. போன் வால்பேப்பரை மாற்றினேன். அதை மாற்றியது ரொம்ப அசிங்கமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நந்தினி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். பாதை பிரிகிற இடத்தில் நான் கட்டிய பழைய கேமராவில் படம் பதிந்திருந்தது.

ஐந்து படம். விடிகிற வெளிச்சம். முதலில் டீச்சர் பழக்கப்பட்ட மேல்பாதைக்குத் திரும்புகிறது. இரண்டாவதில் முள் அடைப்புக்கு முன்னால் நிற்கிறது. மூன்றாவதில் குனிந்து முள்ளை மோந்து பார்க்கிறது. நாலாவதில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, யோசிப்பது போல. ஐந்தாவதில் கீழ்ப்பாதைக்குத் திரும்புகிறது. அதில் கேமராவைப் பார்த்து முறைத்தது.

"ஏன் மேல அடைச்சிருக்குன்னு பாக்குது போல" என்றாள் நந்தினி.

சொன்னேன். முழுதும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் என்னைத் தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும், பாவம். ஆனால் தேற்றவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டது யாருக்கும் நடக்கும் மேடம். அவரு ஏன் பதினோரு நாள் பழி சுமக்கணும்?"

அன்று மாலையே அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தோம். குழுவும் புட்டசாமியைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பியது. அவர் வரவில்லை. ஆட்டைப் பார்க்க வேண்டும், நேரமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அவரைக்காய்க் காலம்

நேரில் போகாமல் தீராது என்று தெரிந்தது. முரளிக்கு விஷயத்தைச் சொன்னதும், "வுடுங்க மேடம், நானே கூட்டிக்கினு போறேன்" என்றார். அந்த ஞாயிறு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி. புட்டசாமி வீட்டு வாசலில் சாக்கு விரித்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மார்கழி அவரை, நம் மொச்சைபோல விதையைத்தான் சமைப்பார்கள். அந்த வாசனை தெரு முனைக்கே வந்தது. எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் கீழே சாக்கில் உட்கார்ந்தேன். அவர் மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கன்னடத்தில் ஆரம்பித்தேன். உங்கள் வார்த்தையை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், கல் உருளும் என்று நினைத்தேன், எனக்கு அந்த அர்த்தம் தெரியாது, மன்னிக்க வேண்டும். ஒரு இடத்திலும் தடங்கவில்லை. தடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் நான் முடிக்கும் வரை தலை நிமிராமல் உரித்தார். பிறகு பேசினார்.

"ஓசூர் பக்கம் கல் குவாரியில பன்னெண்டு வருசம் இருந்தேம்மா நானு."

தமிழ். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ். எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசுகிற தமிழ். முரளி வாசலில் நின்றபடி திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு... தமிழ் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். மொத நாளே பேசலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீங்க இந்தத் தம்பிகிட்ட தமிழ்ல பேசுறீங்க, எங்கிட்ட வந்தா கன்னடத்துக்கு மாறிக்கிறீங்க. செரி, எங்கிட்ட தமிழ் பேசுறது அம்மாவுக்குப் புடிக்கல போலன்னு உட்டுட்டேன்." ஒரு காயை நசுக்கி விதையைத் தட்டில் போட்டார். "இல்லாட்டி சுருக்கு வச்சிருக்காங்கன்னு ஒரே வார்த்தை. சொல்லியிருப்பேன்."

அவரைத் தடுத்தது என் கன்னடம். முள் போட்டு அடைத்த அந்தப் பாதையை மாதிரி நான் அவருடைய தமிழையும் அடைத்து வைத்திருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணே" என்றேன். முதல் தடவையாக அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். "அந்த வார்த்தை எனக்குப் புரியாமப் போச்சி."

"அது போவட்டும். புரியல, செரி. மனுசருக்கு நடக்கிறதுதான்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"அன்னிக்கி ஊரு முன்னாடி, ஹேளிதென்னு உங்களப் பாத்து ஒண்ணு சொன்னேனே அம்மா. அது புரிஞ்சிதா?"

"புரிஞ்சுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், திரும்பி வரவில்லை.